கைமாறும் நேரம்

தாதிமாருக்குள் போட்டி என்றதும் வெளியாட்கள் வாய்ச்சண்டையைத்தான் நினைக்கிறார்கள். சண்டை பிடிக்க எங்களுக்கு நேரமெங்கே? வாட்டில் ஒருத்தியை விழுத்த வேண்டுமென்றால் எதுவும் செய்யத் தேவையில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாலே போதும்.

நான் வேலை பார்த்த வாட்டில் இரவு 7 மணிக்கு மாலை டியூட்டிக்காரர் போக, இரவு டியூட்டிக்காரர் பொறுப்பெடுப்போம். இதைத்தான் ஹேண்ட் ஓவர் என்பது. எல்லாம் டிக்கட்டில் எழுதியிருக்கும் என்பார்கள். நாற்பது டிக்கட்டையும் வரி விடாமல் வாசிக்கப் போனால் பாதி இரவு போய்விடும். ஆகவே வாயால் சொல்வதை நம்பித்தான் முதல் இரண்டு மணித்தியாலமும் ஓடும்.

தீவிர சிகிச்சைப் பயிற்சிக்கு எங்கள் வாட்டிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள் என்று அந்த வருடம் ஒரு கதை அடிபட்டது. சிஸ்டர் என் பெயரைச் சொன்னாராம். அன்றிலிருந்து, என்னைவிட ஐந்து வருடம் மூத்த ஒருவருடைய ஹேண்ட் ஓவர் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் மாலை, "எல்லாரும் சுகம், விசேஷமா ஒண்டுமில்ல" என்ற ஒரே வசனத்தோடு கைப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

எட்டு மணியிருக்கும். பக்கத்துக் கட்டில் பொடியன் கூப்பிட்டான்.

"மிஸ், இந்தக் காக்கா ஒண்டும் தின்னல்ல. திண்ட கொஞ்சத்தையும் சத்தியெடுத்துட்டாரு. அந்த மிஸ்ஸிட்டயும் சொன்னன்."

போய்ப் பார்த்தால் மனிதர் வியர்வையில் நனைந்து, கேட்டதற்கு மறுமொழி சொல்லாமல் கிடக்கிறார். சீனி அளவு 46. ஐந்தரைக்கு இன்சுலின் ஏற்றியது டிக்கட்டில் இருந்தது. சத்தி எடுத்தது இல்லை. டொக்டருக்கு அறிவித்து, 50 வீத டெக்ஸ்ட்ரோஸை நாளத்தில் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண் திறந்து தண்ணீர் கேட்டார். அந்தப் பொடியன் நித்திரையாகியிருந்தால்?

மறுநாள் கேட்டேன். "கெட்டிக்காரி எண்டு சிஸ்டர் சொல்றா. கண்டுபிடிச்சிருக்கிறீங்கதானே?" என்றார்.

தாதியர் தம் குஞ்சுகளைத் தாமே தின்கிறோமா என்று 1986இல் ஜூடித் மைஸ்னர் என்பவர் ஓர் அமெரிக்கத் தாதியியல் சஞ்சிகையில் கேட்டு எழுதினார். நல்ல கேள்விதான். ஆனால் அன்றிரவு வாய்க்குள் போகப் பார்த்தது குஞ்சல்ல, கட்டிலில் கிடந்த மனிதர். வேலைப்பளு, ஆள் பற்றாக்குறை என்று இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள் எனக்கும் தெரியும். அதே பளுவைத்தான் நானும் சுமந்தேன். சத்தி எடுத்ததைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

அவரைப் பற்றி நான் முறைப்பாடு எழுதவில்லை. எழுதியிருந்தால் வாட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கும், அவ்வளவுதான். சிஸ்டரிடம் ஒன்றை மட்டும் கேட்டு வாங்கினேன்: ஹேண்ட் ஓவர் மேசையடியில் வேண்டாம், கட்டிலடியில் நடக்கட்டும். ஒவ்வொரு கட்டிலிலும் மூன்று கேள்வி. என்ன கொடுத்தீர்கள், என்ன மிச்சம், எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்? நோயாளி கேட்டுக்கொண்டு கிடக்கும்போது மறைப்பது லேசில்லை. "இல்ல மிஸ், எனக்கு மருந்து தரல்ல" என்று அவரே சொல்லிவிடுவார்.

அவருக்கும் எனக்கும் கடைசிவரை சரிவரவில்லை. பயிற்சிக்குப் போனதும் மூன்றாவது ஒருவர்.

இப்போது என் கீழ் வேலை பழகும் பிள்ளைகள் முகம் சுழிக்கிறார்கள். "மற்ற வாட்டுல பத்து நிமிஷத்துல முடிச்சிட்டுப் போறாங்க மிஸ். எங்களுக்கு ஏழரை பஸ்ஸும் போயிடுது" என்கிறாள் ஒருத்தி. உண்மைதான், போய்விடுகிறது.