பரேலில் ஒரு பூட்டிய கடை

மும்பையிலே இடமில்லை என்பது நம்மவர் ஓயாது சொல்லும் குறை. சென்ற ஞாயிறன்று நாங்கள் மூவர் கரி ரோடு நிலையத்தில் இறங்கி, லால்பாக் வழியாகப் பரேல்வரை நடந்தோம். வழிநெடுகப் பூட்டிக் கிடந்த கடைகளை எண்ணினோம், 32 தேறின.

இப்பகுதி ஒருகாலத்தில் பஞ்சாலைகளின் ஊர். 1982 ஜனவரியில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் தொழிலாளர் ஈடுபட்டனர். அதன்பின் பல ஆலைகள் திறக்கவேயில்லை. சம்பள நாளை நம்பியிருந்த கடைகளும் ஒவ்வொன்றாய் மூடின. ஆலை நிலங்களில் இன்று வானளாவிய மாளிகைகள் நிற்கின்றன; அடுத்த தெருவில் பழைய ஷட்டர்கள் துருவேறுகின்றன.

எங்கள் காரியம் இதுதான்: சங்கத்தின் தமிழ் வகுப்பு நடந்துவந்த அறை கைவிட்டுப் போயிற்று. பிள்ளைகள் 19 பேர். வாடகை கொடுக்கச் சக்தியில்லை. சும்மா கிடக்கும் கடையொன்றைச் சில மாதங்களுக்கு இரவலாகக் கேட்கலாம் என்று புறப்பட்டோம். கூச்சம் இல்லாமலில்லை.

ஆறு இடங்களில் மறுப்பு. கடைக்காரர்களைக் கல்நெஞ்சர் என்று சொல்லிவிட முடியாது. 1947ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின்கீழ்க் குடிபுகுந்தவரை எழுப்புவது எளிதாயிருக்கவில்லை. வாடகையும் பழைய அளவிலேயே நின்றது. அச்சட்டம் போய் 1999ஆம் ஆண்டுச் சட்டம் வந்தும், அந்த அச்சம் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்துவிட்டது. ஏழாவதாகக் கண்ட முதிய ஜவுளி வியாபாரி இந்தியில் கேட்டார்: "நீங்கள் நல்லவர்கள்தாம், உங்களுக்குப் பின் வருகிறவர்?"

விடை சொல்லத் தெரியாது திரும்பினோம். இலவசமாய்த் தாருங்கள் என்று தொடங்கியதே எங்கள் பிழை. என்று போவோம் என்பதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!

புதனன்று அலுவலகம் முடிந்ததும் 'லீவ் அண்ட் லைசென்ஸ்' பத்திர நகலோடு மீண்டும் போனோம். 1882ஆம் ஆண்டுச் சட்டப்படி லைசென்ஸ் என்பது பயன்படுத்த அனுமதி மட்டுமே. இடத்தில் பாத்தியதை தராது. 1999 சட்டப்படி அதை எழுதிப் பதிவு செய்யவேண்டும். தவணை 11 மாதம், மின்கட்டணம் எங்களுடையது, ஒரு சாவி அவரிடமே, வாடகைக்கு ஆள் வந்தால் 30 நாளில் காலி. பெரியவர் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, தாமே எழுந்துவந்து ஷட்டரைத் தூக்கினார்.

உள்ளே சுவரில் ஒரு இரும்புக் கஜக்கோல். "அதை மட்டும் கழற்றாதீர்கள்" என்றார்.

பதிவு முடிந்ததும் வகுப்பு தொடங்கும். வருகிற சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தூசி தட்டப் போகிறோம். துடைப்பம் கொண்டுவர இயன்ற அன்பர்கள் வரலாம்.