அதலைக்காய்க் கசப்பு

திருச்சுழிக்கு வெளியூர்க்காரர்கள் வருவது பெரும்பாலும் திருமேனிநாதரைக் கும்பிடவும், 1879 டிசம்பர் 30 அன்று ரமண மகரிஷி பிறந்த சுந்தர மந்திரத்தைப் பார்க்கவும்தான். பார்த்த கையோடு திரும்பிவிடுவார்கள். என்னைச் சுற்றுவட்டக் கிராமம் ஒன்றுக்குள் இழுத்தது, நண்பரின் அப்பத்தா சொல்லியனுப்பிய வார்த்தை: "மார்கழி போறதுக்குள்ள வரச் சொல்லு. அதலக்கா முடிஞ்சிரும்."

அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, விசைத்தறிச் சத்தம் ஓய்ந்ததும் கரிசல் தொடங்கிவிடுகிறது. கண்மாய்த் தண்ணீர் எட்டாத காடுகள். ஐப்பசி மழையை நம்பித்தான் குதிரைவாலியும் பருத்தியும் சோளமும்.

தாழ்வாரத்தில் உட்காரவைத்து வட்டிலில் குதிரைவாலிச் சோறு போட்டார் அப்பத்தா. மேலே கருவாட்டுக் குழம்பு. ஓரத்தில், சின்ன வெங்காயமும் வத்தலும் சேர்த்து நல்லெண்ணெயில் சுருள வதக்கிய அதலைக்காய். குதிரைவாலியின் உமி லேசில் விடாது. உரலில் குத்திக் குத்திக் கை காய்த்துப்போன காலத்தைச் சொன்னார். இப்போது மில் இருக்கிறது. நகரத்துக் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் குதிரைவாலி இந்த வீட்டில் என்றுமே விரதச் சாப்பாடாகவோ மருந்தாகவோ இருந்ததில்லை. பசிக்குச் சோறு, அவ்வளவுதான்.

அதலைக்காயைக் கடித்ததும் பாகற்காயை விடக் கூர்மையான கசப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவே குழம்பின் புளிப்பை இன்னும் ருசியாக்கிவிட்டது. "ஒதுக்கிறாத தம்பி, ரெண்டு வாய் தின்னாப் பழகிரும்" என்றார். மூன்றாவது தடவை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இதை யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிடக்கும் கிழங்கு மழைக்குத் துளிர்த்துக் கொடியோடும். களையெடுக்கும் பெண்கள் மடியில் பறித்து வருவார்கள். பறித்து ஓரிரு நாளில் வெடித்துவிடும் என்பதால் தூரத்துச் சந்தைக்குப் போகாது. மக்காச்சோளமும் களைக்கொல்லியும் வந்தபிறகு கொடி குறைந்துகொண்டே வருகிறது என்று நண்பரின் அப்பா வருத்தப்பட்டார். எனக்கும் அது சின்ன இழப்பாகத் தெரியவில்லை. கைக்காசு இல்லாத மாதங்களில் இந்த ஊர்க் குழம்புச்சட்டியை நிரப்பிய காய் இது.

சாப்பிட்டதும் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். பக்கத்து மக்காச்சோளக் காட்டில் ஒரு கொடி இல்லை. இவர்கள் குதிரைவாலிக் காட்டின் வடக்கு வரப்பில் மட்டும் மருந்தடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பிஞ்சும் பூவுமாகக் கிடந்தது. நான் குனிந்து கொடியை இழுத்துப் பார்க்க, அப்பத்தா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "காய மட்டும் பறி. கிழங்கு அடுத்த மழைக்கு வேணும்."