குறிப்பேட்டின் ஓரம்

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876ஆம் ஆண்டு மறைந்தார். அவர் பாடிய தலபுராணங்களைத் தேடிப் படிப்போர் இன்று மிகச் சிலரே. ஆயினும் அவருடைய வறுமையையும் மாணாக்கர்பால் அவர் கொண்ட பரிவையும் நேரில் கண்டவர்போல் நாம் அறிவோம். உ. வே. சாமிநாதையர் 1933-34இல் தம் ஆசிரியரின் சரித்திரத்தை இரு பாகங்களாக எழுதி வெளியிட்டமையே அதற்குக் காரணம். ஏட்டுச் சுவடிகளுக்காக ஊர் ஊராய் அலைந்த அம்முதியவர், அப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். தம் வரலாற்றையோ அவர் எழுதி முடிக்கவில்லை, 1942இல் காலமானார்.

அச்சரித்திரத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு நாணமே மிகும். டில்லியில் என் அலமாரியில் மூன்று குறிப்பேடுகள் உள்ளன. பணியின் பொருட்டு நான் ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று என் தமிழாசிரியர் தந்தவை. கம்பராமாயணத்துக்கு அவர் பென்சிலால் எழுதிய குறிப்புகள். அச்சிடுக என்று அவர் கேட்கவில்லை. “கரையான் அரிக்காமல் பார்த்துக்கொள்ளப்பா” என்றார், அவ்வளவே.

கரையான் அரிக்கவில்லை. எழுத்துத்தான் மங்கிவிட்டது. என் மக்களுக்குத் தமிழ் பேசவரும், படிக்கவராது. ஆகவே, ஓய்வு பெற்றபின் நானே படியெடுக்க அமர்ந்தேன்.

சில பாடல்களின் ஓரத்தில் ‘மண்டபம்’ என்னும் ஒரு சொல் மட்டும் இருக்கும். மழை நாள்களில் கோயில் மண்டபத்தில் அமர்ந்து அவர் எங்களுக்குச் சொன்ன விளக்கத்துக்கு அது அடையாளம். விளக்கம் ஏட்டில் இல்லை. அன்று உடனிருந்து கேட்டவர்களுள் இன்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே. பதினொன்றை நினைவிலிருந்து எழுதிவிட்டேன். பன்னிரண்டாவது இடத்தில் நான்கு நாள்களாக நிற்கிறேன். மழை நினைவிருக்கிறது, அவர் குரலும் நினைவிருக்கிறது, சொன்ன பொருள் மட்டும் வரவில்லை.