அடுத்த ஆண்டுப் பொருளாளருக்கு

கல்லூரித் துறை மன்றத்தில் பொருளாளர் பதவிக்கு ஆயுள் ஓராண்டு. ஜூலையில் பொறுப்பேற்கும் மாணவர் ஏப்ரலில் பரீட்சை எழுதப் போய்விடுவார். ஜூனில் சென்னையிலோ பெங்களூரிலோ வேலையில் சேர்ந்திருப்பார். தலைவரும் செயலாளரும் அப்படியே. மன்றத்தின் வங்கிக் கணக்கு மட்டும் ஊரிலேயே இருக்கும். வணிகவியல் துறை மன்றத்தின் பணத்துக்கு ஆசிரியர் தரப்பில் பொறுப்பேற்று, ஒவ்வோர் ஆண்டும் வரும் புதிய பொருளாளரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: நீ எழுதும் கணக்கைப் படிக்கப்போகிறவர் உன்னை அறியாதவர், உன்னிடம் கேட்க வழியில்லாதவர். இன்று முதலாமாண்டில் எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணோ பையனோ அதைப் படிப்பார். அவருக்குப் புரிந்தால் கணக்கு சரி.

பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நகரத்தார் இந்தச் சிக்கலை நூறாண்டுக்கு முன்பே நன்றாக அறிந்திருந்தார்கள். அங்கே கடையை நடத்தும் மேலாள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குப் போவார். தவணை முடிந்ததும் ஊர் திரும்புவார், வேறொருவர் கப்பல் ஏறுவார். முதலாளியோ செட்டிநாட்டில். யாருக்கு எவ்வளவு கடன், எந்த நிலம் ஈடு, வட்டி எதுவரை வரவாகியிருக்கிறது என்பதைப் புதிதாக வருபவர் ஏடுகளைப் புரட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடையிலேயே ஓர் அடுத்தாள் இருப்பார். மேலாளின் பக்கத்தில் இருந்து வேலை பழகுவார். மாணவர் மன்றத்துக்குத் தேவையானது பெரும்பாலும் இந்த இரண்டும்தான். அந்நியருக்கும் விளங்கும் ஏடு ஒன்று, பக்கத்தில் பழகும் ஆள் ஒருவர்.

வங்கியிலிருந்து தொடங்குகிறேன். கணக்கு மன்றத்தின் பெயரில் இருக்க வேண்டும். சொல்வது எளிது. சேமிப்புக் கணக்கு எல்லா அமைப்புக்கும் கிடைப்பதில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கம் என்றால் கிடைக்கும். துறை மன்றங்கள் பெரும்பாலும் பதிவாவதில்லை. அவர்களுக்கு வங்கி நடப்புக் கணக்கைத்தான் காட்டும், அதில் வட்டி வராது. ஆகவே முதல்வரின் கடிதம், மன்றத்தின் விதிமுறை, யார் யார் கையெழுத்திடலாம் என்ற கூட்டத் தீர்மானத்தின் நகல் எல்லாம் கொண்டுபோய், கல்லூரியின் பெயருக்குக் கீழே கணக்கு தொடங்குவதே நடைமுறை. இந்த அலைச்சலுக்கு அஞ்சித்தான் பல மன்றங்கள், "இப்போதைக்கு என் அக்கவுண்ட்ல போட்டுக்கலாம்" என்று ஒரு மாணவரின் சொந்தக் கணக்கில் போய் நிற்கின்றன.

அந்த 'இப்போதைக்கு' எவ்வளவு ஆபத்தானது என்பதை 2016-இல் யுபிஐ வந்த பிறகு எல்லோரும் பார்த்துவிட்டோம். சிம்போசியத்துக்கு நூற்றுக்கணக்கான வெளிக்கல்லூரி மாணவர்கள் பதிவுக் கட்டணம் அனுப்புகிறார்கள். போஸ்டரில் இருப்பது ஒரு மாணவரின் கியூஆர் கோடு. அவருடைய வீட்டுப் பணம், அப்பா அனுப்பிய விடுதிக் கட்டணம், மன்றத்தின் பணம் எல்லாம் ஒரே இருப்பில் கலந்துவிடுகின்றன. பணம் அனுப்பியவர்களில் ஒருவருடைய கணக்கு ஏதோ ஓர் இணைய மோசடிப் புகாரில் சிக்கினாலும் போதும், அந்தத் தொகை போய்ச் சேர்ந்த கணக்கும் முடக்கப்படலாம். ஒரு கல்லூரியில் இப்படித்தான் விழாவுக்கு முந்தைய வாரம் பொருளாளரின் கணக்கு முடங்கியது. பந்தல்காரருக்கும் சவுண்ட் சர்வீஸுக்கும் கொடுக்க வேண்டிய பணத்தோடு அவருடைய தேர்வுக் கட்டணமும் உள்ளே மாட்டிக்கொண்டது. தவறேதும் செய்யாத பிள்ளை, காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைந்தார். ஒரு மாணவரை அந்த நிலையில் நிறுத்த எந்த மன்றத்துக்கும் உரிமை இல்லை. மன்றக் கணக்குக்கே பணம் பெற மட்டும் உதவும் கியூஆர் கோடு ஒன்றை வங்கியிடம் கேட்டு வாங்கலாம். பணம் உள்ளே வர யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. வெளியே போகத்தான் இருவர் வேண்டும்.

அந்த இருவர் மாணவப் பொருளாளரும் ஆசிரியப் பொறுப்பாளரும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பதிவுபெறும் மாணவர் சங்கங்களுக்கு மூத்த பொருளாளர் என்று ஒருவர் உண்டு. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் பெரும் பொருளாளர், மாணவர் இளம் பொருளாளர். பெயர் எதுவானாலும் ஏற்பாடு ஒன்றே. ஆனால் நம் கல்லூரிகளில் இதைக் கெடுக்கும் வழக்கம் ஒன்று வேரூன்றியிருக்கிறது: "மேடம், நீங்க விழா வேலையில இருப்பீங்க, நாலு செக்ல கையெழுத்துப் போட்டு வச்சிடுங்க." எவ்வளவு அன்பாகக் கேட்டாலும் நான் போடுவதில்லை. வெற்றுக் காசோலையில் ஒருவர் முன்கூட்டியே கையெழுத்திட்டால் மற்றவர் தனியாளாகிவிடுகிறார். பிறகு ஒரு நூறு ரூபாய் குறைந்தாலும் சந்தேகம் அவர் மேல்தான் விழும். இரண்டாவது கையெழுத்து மாணவரை நம்பாததால் கேட்கப்படுகிறது என்று நினைப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அந்த மாணவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பே அதுதான்.

இனி ரொக்கப் புத்தகம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, தேதி, விவரம், வவுச்சர் எண், தொகை. எக்செல்லில் எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. அன்றன்றே எழுதினால் சரி. விவரம் என்ற கட்டத்தில்தான் திறமையே இருக்கிறது. "ஃபிளக்ஸ் 1,800" என்று எழுதுகிறவர் கணக்கு எழுதுகிறார். "நுழைவாயில் ஃபிளக்ஸ் ஒன்று, பத்துக்கு ஆறு அடி, கட்டுக்கூலி உட்பட" என்று எழுதுகிறவர் அடுத்த ஆண்டுக்கு விலைப்பட்டியல் எழுதுகிறார். அடுத்த பொருளாளர் கடையில் போய் நிற்கும்போது கேட்ட விலை நியாயமா என்று தீர்மானிக்க அவர் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்த வரிதான்.

பில்லே இல்லாத செலவுகள் விழா நாளில் நிறைய வரும். ஆட்டோ, பூக்காரம்மாவிடம் வாங்கிய மாலை, மேடை இறக்க உதவியவர்களுக்குக் கொடுத்த டீச்செலவு. இவற்றையெல்லாம் 'இதர செலவு' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவது கூடாது. ஒவ்வொன்றுக்கும் வவுச்சர் எழுதி, யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று குறித்து, பெற்றவரின் கையெழுத்து வாங்க முடிந்தால் வாங்கி, இல்லையென்றால் கொடுத்தவரும் உடனிருந்தவரும் கையெழுத்திட வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாகப் பெறுகிறவரிடம் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது வாங்க வேண்டும். இன்னொன்று, சிறியது ஆனால் முக்கியமானது: ஹோட்டல்களும் கடைகளும் மெஷினிலிருந்து கிழித்துக் கொடுக்கும் வழவழப்பான பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே மங்கிவிடும். தணிக்கையின்போது வெறும் வெள்ளைத்தாளைக் காட்டி வாதாட முடியாது. அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்து, இரண்டையும் சேர்த்துப் பின் அடித்து வைக்கச் சொல்வேன்.

நான் மிகவும் வாதாடியிருப்பது முன்பணத்துக்காக. நம் கல்லூரிகளில் நிகழ்ச்சி ஒருங்கிணைக்கும் மாணவர் கையிலிருந்து செலவழித்துவிட்டு, பில் கொடுத்து, பிறகு வாங்கிக்கொள்வதே வழக்கம். 'பிறகு' என்பது சில சமயம் அடுத்த மாதம், சில சமயம் அடுத்த பருவம். மூவாயிரம் ரூபாயைக் கையிலிருந்து போட்டுவிட்டுக் காத்திருக்க யாரால் முடியும்? விடுமுறையில் ஜவுளிக்கடையில் நின்று சம்பாதித்துப் படிக்கும் பிள்ளையால் முடியாது. அந்தப் பிள்ளை காரணத்தைச் சொல்லவும் மாட்டார். "எனக்கு இன்ட்ரஸ்ட் இல்லை மேடம்" என்று ஒதுங்கிக்கொள்வார். வினாடி வினா நடத்தும் திறமை வகுப்பிலேயே அவருக்குத்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பொறுப்பு, செலவழிக்க முடிந்தவரிடம் போய்ச் சேரும். கணக்கு நடத்தும் முறை ஒன்றே, யார் தலைவராகலாம், யார் ஆக முடியாது என்று சத்தமில்லாமல் தீர்மானித்துவிடுகிறது. அதனால் நிகழ்ச்சி ஒவ்வொன்றுக்கும் முன்பணம் கொடுத்தே தீர வேண்டும் என்பது எங்கள் மன்றத்தில் எழுதி வைத்த விதி. ஒருங்கிணைப்பாளர் கையெழுத்திட்டு வாங்குவார், நிகழ்ச்சி முடிந்த ஒரு வாரத்துக்குள் பில்லும் மீதியும் கொடுத்துச் செட்டில் செய்வார். முதல் முன்பணம் செட்டில் ஆகாமல் இரண்டாவது கிடையாது. இந்தக் கண்டிப்பு இல்லாவிட்டால் முன்பணம் கொடுக்கும் வழக்கமே இரண்டு ஆண்டில் செத்துவிடும். அது சாவதால் இழப்பு கையில் பணமில்லாத பிள்ளைகளுக்குத்தான்.

ஸ்பான்சர்களைப் பற்றிப் பேசினால் நீளும், ஒன்று மட்டும். வாக்குறுதியை வரவாக எழுதி பட்ஜெட் போடக் கூடாது. பணம் கணக்கில் ஏறிய பிறகே அதைச் செலவுக்கு ஒதுக்க வேண்டும். ஜிஎஸ்டி, டிடிஎஸ் கேள்விகள் வந்தால் கல்லூரியின் கணக்கு அலுவலகத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக் கோப்பில் வைக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு, ரொக்கப் புத்தகத்தோடு ஒப்பிடும் வேலையை மாணவர்கள் சலிப்பாக நினைக்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்த வேலை. இரண்டு இருப்பும் ஒன்றாக இருக்காது. ஏன் இல்லை என்று தேடும்போதுதான் மன்றத்தின் ஓராண்டு வாழ்க்கை கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் பரிசுக் காசோலைகள்தான் காரணமாக இருக்கும். கட்டுரைப் போட்டியில் வென்ற வெளியூர் மாணவி ஆயிரம் ரூபாய்க் காசோலையை வீட்டில் பத்திரமாக வைத்திருப்பார், வங்கியில் போட்டிருக்க மாட்டார். 2012 ஏப்ரல் முதல் காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. போட்டாலும் திரும்பி வரலாம். நம் பெயர்களின் முன்னெழுத்துதான் சிக்கல். சான்றிதழில் முன்னெழுத்து முதலில், வங்கியில் அப்பா பெயரே விரித்துப் பின்னால். பதிவுப் படிவத்திலேயே "வங்கிக் கணக்கில் உள்ளபடி பெயர்" என்று ஒரு கட்டம் சேர்த்து, பரிசை நேரே கணக்குக்கு அனுப்பத் தொடங்கியதும் இந்தத் தொல்லை பெருமளவு நின்றது. அதற்கு முன்பெல்லாம், காசோலை மாற்றாதவர்களுக்குப் பொருளாளரே போன் செய்வார். அது அவர்கள் வென்ற பணம். மன்றத்தின் இருப்பில் அது தங்கிவிடுவதை லாபமாக நினைக்க என்னால் முடியாது.

கணக்கு வெறுமனே கிடந்தாலும் ஆபத்து உண்டு. இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எந்தப் பரிவர்த்தனையும் இல்லாவிட்டால் வங்கி அதைச் செயல்படாத கணக்காக வகைப்படுத்தும். வங்கி போடும் வட்டி வரவு இதில் சேராது. பத்தாண்டு அப்படியே கிடந்தால், ரிசர்வ் வங்கி 2014-இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குப் பணம் போய்விடும். உரிமை போகாது, கேட்டால் திரும்பக் கிடைக்கும். ஆனால் கேட்க யார் இருப்பார்கள்? கையெழுத்துப் போட்டவர்கள் எங்கே என்றே தெரியாது. கொரோனாவில் நிகழ்ச்சிகள் நின்றபோது இந்த நிலைக்கு நெருங்கிய மன்றங்கள் உண்டு. செயல்பாடு இல்லாத ஆண்டிலும் மன்றக் கணக்கில் ஒரு சிறு வரவாவது செலவாவது இருக்கும்படி பார்த்துக்கொள்வது பொருளாளரின் வேலை.

கடைசியாகக் கைமாற்றம். நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது, கல்வியாண்டு அதன் பிறகு. கணக்கை மார்ச்சில் முடித்து, கையெழுத்து மாற்றும் தீர்மானத்தை ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வங்கியில் கொடுத்துவிட வேண்டும். தேர்வு முடிந்து ஊருக்குப் போன மாணவரை ஒரு கையெழுத்துக்காகத் திரும்ப வரவழைப்பது எவ்வளவு கடினம் என்று பொறுப்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். இறுதியாண்டு மாணவர் பொருளாளர் என்றால், துணைப் பொருளாளர் கட்டாயம் இரண்டாமாண்டில் இருக்க வேண்டும். நகரத்தாரின் அடுத்தாளைப் போல அவர் ஆண்டு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து வவுச்சர் எழுதியிருக்க வேண்டும். கைமாறும் நாளில் மூவரும் உட்காருகிறோம். கைரொக்கத்தை எண்ணுகிறோம், பயன்படுத்தாத காசோலைகளின் எண்களைக் குறிக்கிறோம், கல்லூரி அலுவலகத்தில் இருக்கும் பொருட்களின் இருப்புப் பதிவேட்டைச் சரிபார்க்கிறோம். வரவேண்டியது, கொடுக்கவேண்டியது இரண்டையும் தனித்தாளில் எழுதுகிறோம்.

அதன் பின் போகிறவரை ஒரு பக்கம் எழுதச் சொல்வேன், தன் கையெழுத்தில், தன் மொழியில். எந்த அச்சகம் சொன்ன நாளில் கொடுத்தது, எந்தக் கேட்டரிங்காரர் எண்ணிக்கை குறைந்தாலும் முழுத்தொகை கேட்டார், வங்கியில் எந்தக் கவுண்ட்டரில் எத்தனை மணிக்குக் கூட்டம் குறைவு, ஸ்பான்சர் கடிதத்தை எந்த மாதத்தில் அனுப்பினால் பதில் வருகிறது. அதை ரொக்கப் புத்தகத்தின் கடைசி உறையில் ஒட்டி, துணைப் பொருளாளராக இருந்தவரிடம் கொடுக்கிறோம். ஜூலையில் வங்கிக்கு முதல் தடவையாகத் தனியே போகும்போது அவர் கையில் அது இருக்கும்.