எந்த லீகில் எடுத்த எண் இது?

ஃப்ளோரிடாவின் டேடோனா பீச் நகரில், ஹாலிஃபாக்ஸ் ஆற்றின் நடுவே ஒரு சிறு தீவில் இருக்கிறது ஜாக்கி ராபின்சன் பேஸ்பால் மைதானம். மேஜர் லீகுக்கு நான்கு படி கீழே, சிங்கிள்-ஏ நிலையிலுள்ள ஃப்ளோரிடா ஸ்டேட் லீகில் ஆடும் டேடோனா டார்ட்டூகாஸ் அணியின் சொந்த மைதானம் இது. ஆட்டம் மாலையில்தான். ஆனால் உச்சிவெயில் சாய்வதற்குள்ளேயே கேட்சர்கள் வந்துவிட்டார்கள். மார்புக் கவசம், கால் காப்பு, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி, பந்து எறியும் இயந்திரத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தார் ஓர் இளைஞர். தரையில் குத்தி எழும் பந்துகளைப் பிடிக்க அவர் கையை நீட்டவில்லை. தோள்களைக் குவித்து, முகவாயை நெஞ்சோடு அழுத்தி, ஒவ்வொரு பந்தையும் உடம்பில் வாங்கித் தன் முன்னாலேயே விழவைத்தார். பந்து கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தால், பேஸில் நிற்பவர் அடுத்த பேஸுக்கு ஓடத் துணியமாட்டார். அத்தனை அடியும் அதற்காகத்தான்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்குக் கேட்சரைப் பார்த்தால் விக்கெட் கீப்பர் நினைவுக்கு வருவார். ஆனால் அடுத்த பந்து எப்படி வரவேண்டும், எங்கே வரவேண்டும் என்று ஒவ்வொரு பந்துக்கும் சொல்வது கேட்சரின் வேலை. விரல் சைகை இரவு விளக்கில், பந்து எறியும் பிட்சருக்குத் தெளிவாகத் தெரியவேண்டும் என்று நகங்களில் பளிச்சென்ற சாயம் பூசிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. பிட்சர்களில் சிலருக்கு ஆங்கிலம் மட்டுமே வரும், சிலருக்கு ஸ்பானிஷ் மட்டுமே. நான் பார்த்த இளைஞர் இரண்டு மொழியிலும் ஆளுக்கேற்ப அதட்டவும் தட்டிக்கொடுக்கவும் தெரிந்தவராக இருந்தார். இந்தத் திறமைக்கு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் பத்தி கிடையாது.

பிறகு எறிதல் பயிற்சி. கேட்சர் இருக்கும் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸ் 127 அடிக்குச் சற்று மேல். பந்து கேட்சரின் கையுறையில் பட்டதிலிருந்து இரண்டாம் பேஸில் காத்திருப்பவரின் கையுறைக்குப் போய்ச் சேரும் நேரத்தைப் ‘பாப் டைம்’ என்கிறார்கள். மேஜர் லீகில் 2 நொடி சாதாரணம், 1.9 நொடி உயர்தரம். ஸ்டாப்வாட்சோடு நின்றிருந்த பயிற்சியாளர் எனக்கு ஒன்றைப் புரியவைத்தார். பேஸ் திருட, அதாவது பந்து அடிபடாமலேயே அடுத்த பேஸைப் பிடிக்க, ஓடியவர்களில் எத்தனை பேரைக் கேட்சர் வீழ்த்தினார் என்ற சதவீதம் அவருடைய கையை மட்டும் காட்டுவதில்லை. இந்த நிலையில் பிட்சர்கள் கற்றுக்குட்டிகள். அவர்கள் காலைத் தூக்கிப் பந்தை விடுவதற்குள் ஓட்டக்காரர் பாதித் தூரம் போய்விடுவார். போதாததற்கு, பிட்சர் பேஸை நோக்கி எறிந்து ஓட்டக்காரரை மிரட்டும் வாய்ப்புகளுக்கு 2021-இல் சிங்கிள்-ஏ லீகுகளில் வரம்பு வைத்துப் பார்த்தார்கள். மேஜர் லீக் அதை 2023-இல் ஏற்றுக்கொண்டதும், 2022-இல் 2,486 ஆக இருந்த பேஸ் திருட்டுகள் 3,503 ஆயின. விதி மாறும்போது, கேட்சரின் கை மாறாமலேயே அவருடைய சதவீதம் சரிந்துவிடுகிறது.

டேடோனாவிலிருந்து நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி போனேன். மேஜர் லீக் அணியான கொலராடோ ராக்கீஸுக்கு ஒரு படி கீழே, டிரிபிள்-ஏ நிலையில் ஆடும் ஐசோடோப்ஸின் ஊர் அது. கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே, வறண்ட, மெல்லிய காற்று. அடித்த பந்து தூரமாகப் பறக்கிறது. பிட்சர் சுழற்றி விடும் பந்துக்குக் காற்றின் பிடிமானம் குறைவாக இருப்பதால் அது வளைவதும் குறைவு. டேடோனாவின் அடர்ந்த காற்றில் வேலியருகே பிடிபடும் பந்து, இங்கே வேலி தாண்டி ஹோம் ரன் ஆகலாம். ஐசோடோப்ஸ் ஆடும் பசிபிக் கோஸ்ட் லீகில் ரீனோ, சால்ட் லேக், எல் பாசோ என்று மேட்டு நில ஊர்கள் பல. கடலோரத்து டகோமாவும் அதே லீகில்தான். பந்து மாறினாலும் எண் மாறும்: 2019-இல் டிரிபிள்-ஏ லீகுகள் மேஜர் லீக் பந்துக்கு மாறியபோது ஹோம் ரன்கள் ஒரே பருவத்தில் வெகுவாக ஏறின.

அதனால் 0.300 பேட்டிங் சராசரி ஆல்புகர்க்கியில் எடுத்ததா, டேடோனாவில் எடுத்ததா என்று கேட்காமல் அதற்கு மதிப்புப் போட முடியாது. லீகின் சராசரியை 100 என்று வைத்து ஆட்டக்காரரை அளக்கும் எண்கள் ஓரளவு உதவும். அவற்றோடு வயதையும் மைதானத்தையும் நாமே சேர்த்துப் பார்க்கவேண்டும்.

டிரிபிள்-ஏயில் 2023 முதல் இன்னொரு மாற்றம். பிட்சரின் பந்து உரிய எல்லைக்குள் வந்ததா என்ற நடுவரின் தீர்ப்பு தவறென்று தோன்றினால் பிட்சரோ கேட்சரோ பேட்டரோ தலையைத் தட்டிக் கணினியிடம் மேல்முறையீடு செய்யலாம். ஓரத்தில் வரும் பந்தை நளினமாக வாங்கி நடுவரை நம்பவைப்பது கேட்சரின் பழைய கலை. எந்தப் பந்துக்கு முறையீடு செய்யலாம், எதை விட்டுவிடலாம் என்று கணநேரத்தில் தேர்வது புதிய கலை. கேட்சர்கள் இரண்டையும் சேர்த்தே பழகுகிறார்கள்.

மேஜர் லீக் அணி பொதுவாக இரண்டு கேட்சர்களை மட்டுமே வைத்திருக்கும். அதற்குக் கீழே நான்கு படிகள். ராக்கீஸுக்கு அவை ஆல்புகர்க்கி, ஹார்ட்ஃபோர்ட், ஸ்போகேன், ஃப்ரெஸ்னோ. ராக்கீஸின் ஊரான டென்வரில் ஒரு கேட்சரின் விரல் முறிந்தால் அந்தப் படிவரிசை முழுவதும் பெட்டி கட்டவேண்டி வரலாம். அதுவரை மூன்றாவது கேட்சர், பிட்சர்கள் எறிந்து தயாராகும் இடமான புல்பென்னில் அவர்களின் பந்துகளை வாங்கிக்கொண்டிருப்பார். மட்டை பிடிக்கக் கிடைப்பது எப்போதாவதுதான் என்பதால், அவருடைய சராசரியை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. அப்படிக் காத்திருந்த கேட்சர்களில் ஒருவரான எரிக் கிராட்ஸ், 2002-இல் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 29-ஆவது சுற்றில் தேர்வானவர். மேஜர் லீகில் முதல் ஆட்டம் ஆடியது 2010-இல், 30 வயதில். அதன்பின் 2020 வரை அணி அணியாக அவரைத் தேடி அழைத்தார்கள்.

இந்த உழைப்புக்கு நெடுங்காலம் கிடைத்த கூலி மிகக் குறைவு. 2023-இல் மைனர் லீக் ஆட்டக்காரர்கள் தொழிற்சங்கம் வழியாக முதல் கூட்டு ஒப்பந்தம் போட்ட பிறகுதான் சிங்கிள்-ஏயின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 11,000 டாலரிலிருந்து 26,200 ஆகவும், டிரிபிள்-ஏயில் 17,500-லிருந்து 35,800 ஆகவும் உயர்ந்தது. அதே ஆண்டு மேஜர் லீகின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். டிரிபிள்-ஏக்கும் மேஜர் லீகுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு படி.

ஓர் அணியின் கேட்சர் பலத்தை அறிய விரும்புகிறவர்கள் முதல் பெயரோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மூன்றாவது, நான்காவது பெயர்களைப் பாருங்கள். அந்தப் பெயருக்கு எதிரே இருக்கும் எண் எந்த லீகில், எந்த உயரத்தில், எந்த விதியின் கீழ் எடுத்தது என்று கேளுங்கள். பிறகு அவர் பந்து வாங்கிய பிட்சர்களிடம் விசாரியுங்கள். கேட்சரின் தரத்தை எண்கள் பாதி சொல்லும். மீதியை அவர்கள்தான் சொல்லவேண்டும்.