கோபப்பட்டால் தப்பா?



வெகுளாமை அதிகாரம் படித்தபோது, கோபமே கூடாது என்றுதான் எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டோம். ஆனால் முதல் குறளை மெதுவாகப் படித்துப் பாருங்கள். தன் கோபம் செல்லும் இடத்தில் அடக்குகிறவர்தான் உண்மையில் அடக்குகிறவர் என்கிறார் வள்ளுவர். யார் கோபம் செல்லும்? மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் எரிந்து விழுந்தால் செல்லும். இந்தப் பக்கம் நிற்கிறவர் கோபம் எங்கே செல்லும்? அப்போ அந்தக் குறள் முதலில் ஆபீசருக்குத்தான் என்று நினைக்கிறேன். செல்லாத இடத்தில் கோபப்படுவதும் தீது என்று அடுத்த குறளில் இருக்கு. அதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்க அப்பத்தாவுக்கு முதியோர் பணம் ஐந்து மாசம் வரவில்லை. பேங்கில் கேட்டால் தாலுகா ஆபீசில் கேளுங்க என்றார்கள். அங்கே போனால் பேங்கில் கேளுங்க. டவுன் பஸ்சில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அது ஒரு புண்ணியம். ஆனால் கூடப் போகிற அம்மாவுக்கு அன்றைய களையெடுப்புக் கூலி போச்சு. நாலாவது தடவை நானும் போனேன். "சார் மீட்டிங் போயிட்டார், அப்புறம் வாங்க" என்றதும் அப்பத்தா, "நான் என்ன பிச்சையா கேக்குறேன்? உங்க அப்புறம் எப்பத்தான் வரும்?" என்று சத்தம் போட்டுருச்சு. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை நிமிர்ந்தே பார்க்காத ஒரு அக்கா உடனே கம்ப்யூட்டரில் நம்பரைப் போட்டுப் பார்த்தாங்க. ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி பெயர் இருக்காம். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை. அன்றைக்கே திருத்த மனு கொடுத்தோம். அதற்கும் இன்றுவரை பதில் இல்லை.

கத்தினால்தான் காரியம் நடக்கும் என்று சொல்ல வரலை. அந்த அக்கா மேஜையிலும் கட்டுக் கட்டாக மனு. திட்டு வாங்கினது அவங்க, மீட்டிங் போனவர் காதில் ஒன்றும் விழலை. எங்களுக்குப் பின்னால் கம்பு ஊன்றி ஒரு தாத்தா நின்றார். அவருக்குச் சத்தம் போட வராது. அவர் மனு எந்தக் கட்டில் கிடக்கோ!

கோபத்தைச் செல்ல வைத்தவர்களும் இருக்கிறார்கள். ராஜஸ்தானில் கூலிக்காரர்களுக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு, முழுசாகக் கொடுத்ததாகக் கணக்கு எழுதினார்கள். "கணக்கைக் காட்டு" என்று அந்த ஜனங்கள் கேட்டார்கள். ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்த அருணா ராய் அவர்களோடு இருந்தார். 1996-ல் பியாவர் என்ற ஊரில் 40 நாள் உட்கார்ந்து போராடினார்கள். இப்படிப் பல போராட்டங்களுக்குப் பிறகுதான் 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது. 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அந்த அலுவலருக்கே ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். அந்த ஜனங்களும் "அப்புறம் வாங்க" என்றதைக் கேட்டுத் திரும்பிப் போயிருந்தால் இது வந்திருக்குமா?

அப்பத்தாவுக்காக அந்த மனுவை நான்தான் எழுதினேன். அது சொல்லச் சொல்ல எழுதினால் பாதி திட்டு. அதையெல்லாம் விட்டுவிட்டு மூன்றே கேள்வி எழுதினேன்: எங்கள் திருத்த மனு இப்போது யாரிடம் இருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது, என்ன நடவடிக்கை எடுத்தார்கள்? தபால் ரசீது என் சமூக அறிவியல் நோட்டுக்குள் இருக்கு. இன்றோடு 22 நாள். கைநாட்டு வைக்கும்போது பேப்பரே கிழிந்துவிடும் போல அப்பத்தா அழுத்துச்சு.