சுருதி இறங்குது, சுத்து

ஒஸ்லோவில் நஷனால்தியாத்ரே நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், கார்ல் யோகான் வீதியில் பல்கலைக்கழகத்து ஆவ்லா மண்டபத்தின் தூண்கள். காதில் ஜாஸ் கலைஞர் எரிக் டால்பியின் புல்லாங்குழல். 1964 ஜூன் 2ஆம் தேதி ஹில்வெர்சும் நகரில் மூன்று டச்சுக் கலைஞர்களோடு பதிவான 'லாஸ்ட் டேட்' இசைத்தட்டு. அதில் காதலைப் பற்றிய ஒரு பழைய பாட்டை 11 நிமிடத்துக்கு மேல் குழலில் வாசிக்கிறார். விசை வைத்த உலோகக் குழல். எங்கள் மூங்கிலைப் போலத் துளையைப் பாதி மூடிக் கமகம் பிடிக்க வழியில்லை. உதட்டாலும் மூச்சாலும்தான் சுரத்தை வளைக்கிறார்.

அந்த வளைவை முதன்முதல் கேட்டபோது எனக்கு யாழ்ப்பாணத்துச் சைக்கிள்தான் நினைவுக்கு வந்தது. கரண்ட் இல்லாத தொண்ணூறுகள். சைக்கிளைக் கவிழ்த்துவைத்து நான் பெடலைச் சுற்ற, டைனமோவில் அப்பாவின் கசட் ஓடும். புல்லாங்குழல் வித்துவான் திருவிடைமருதூர் மகாலிங்கம், மாலி. என் கை சோர்ந்தால் மாலியும் சோர்வார்.

"தம்பி, சுருதி இறங்குது, சுத்து!"

மாலி வேண்டுமென்றே நிறுத்தும் இடங்களிலும் அப்பா என்னைத்தான் பார்ப்பார். அது பெரிய அநியாயம்.

அப்பாவுக்குச் சலரோகம். மருந்து தட்டுப்பாடான காலம் என்பதால் தேத்தண்ணிக்குச் சீனி கேட்டாலே அம்மாவின் முகம் மாறும். டால்பிக்கும் அதே வருத்தம் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை. 'லாஸ்ட் டேட்' பதிவு முடிந்து 27ஆம் நாள் பெர்லினில் இறந்தார். வயது 36.

அதற்கு முந்திய ஏப்ரல் 12ஆம் தேதி அவர் இந்த ஆவ்லாவில் இருந்தார். சார்ல்ஸ் மிங்கஸின் குழுவோடு வாசித்ததை நோர்வே தொலைக்காட்சி படம்பிடித்தது. பயணம் முடிய ஐரோப்பாவிலேயே தங்கப்போகிறேன் என்று டால்பி சொல்லியிருந்தார். மிங்கஸ் அவருக்கு விடைகொடுக்கும் பெயரில் ஒரு பாட்டே வைத்திருந்தார். படத்தில் பேஸ் கிளாரினெட்டைத் தூக்கி வாசிக்கிற அந்த மனிதரிடம் நோயின் சாடை எதையும் காணோம். அதே ஆண்டு டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங் நோபல் பரிசு வாங்கியதும் இதே மண்டபத்தில், மூங்க் வரைந்த சூரியனுக்கு முன்னால்தான்.

குளிர் கூடிய காலையில் கைபேசியின் பற்றரி திடீரென்று செத்துப்போகும். குழல் பாதியில் அறுந்துவிடும், சுருதி இறங்குவதில்லை. கோட்டுப் பைக்குள் வலக்கை மட்டும் ஒருக்கால் சுற்றிப் பார்க்கும்.